டேப்லட்டிலிருந்து வீட்டு ஹைஃபை: இரண்டு தலைவலிகள், கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். பத்து வருடமாகச் சேர்த்த சிடிக்களை எல்லாம் ஒருவழியாகத் தரம் குறையாத ஃபிளாக் (FLAC) இசைக் கோப்புகளாக மாற்றி முடித்துவிட்டேன். ஹார்ட் டிஸ்க் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் செருகியிருக்கிறது, அதில் எம்பிடி (MPD) என்ற இசை சர்வர் ஓடுகிறது. அங்கிருந்து யுஎஸ்பி வழியாக, டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி (DAC), அப்புறம் பழைய ஆம்ப்ளிஃபையர். ஒலியில் ஒரு குறையும் இல்லை.

தொல்லை ஆண்ட்ராய்டு டேப்லட்டில்தான். அது வெறும் ரிமோட் என்பதால் திரை அணைந்தாலும் பாட்டு நிற்பதில்லை. ஆனால் மறுபடி தொட்டால் செயலி எம்பிடியின் 6600 போர்ட்டைத் தேடிக்கொண்டே நிற்கிறது. மூடித் திறந்தால்தான் இணைகிறது. பேட்டரி சேமிப்பை அணைத்தேன், ராஸ்பெர்ரி பைக்கு மாறாத ஐபி முகவரி கொடுத்தேன். பலனில்லை. "இதுக்குப் பழைய டேப் ரிக்கார்டரே தேவலாம்" என்கிறார் அம்மா.

இன்னொன்று. சினிமாவில் பாட்டுக்கு ஒரு பாடகர் என்பதால் ஒரே படம் ஐந்தாறு துண்டாகச் சிதறித் தெரிந்தது. கோப்புக்குள் விவரம் எழுதி வைக்கும் டேக்குகளில், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் டேக்கில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டதும் ஒன்றுசேர்ந்துவிட்டது. சரி, கச்சேரிகளுக்கு என்ன செய்வது? அங்கே பாடியவர் பெயரில்தான் தேடுவேன். தியாகராஜர் கிருதியா, தீட்சிதர் கிருதியா என்பது கம்போசர் டேக்கில் இருக்கிறது. என் செயலி அதைக் காட்டவே மாட்டேன் என்கிறது. ராகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கம்போசர் வாரியாகத் தேட விடும் எம்பிடி செயலி எதையாவது பயன்படுத்துகிறீர்களா? ராகத்தை எந்த டேக்கில் எழுதி வைக்கிறீர்கள்? லிரியன் என்ற வேறொரு இசை சர்வருக்கு மாறலாமா என்றும் ஒரு யோசனை. மாறினால் இரண்டாயிரம் கோப்புகளையும் மறுபடி தொட வேண்டியிருக்குமா?