மறு: நிக்கேஸ் – 'கீறுநொதி' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் வெட்டும் நொதி நிக்கேஸ். அதற்குத் தமிழில் 'கீறுநொதி' என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கும் மாற்றுச் சொற்களுக்கும் பதில் இது.

> ஓரிழைவெட்டி என்றே வைத்துவிடலாமே. செய்கிற வேலை பெயரிலேயே இருக்கிறது.

ஐயா, சொல் எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடத்துக்குள் கொண்டுபோனால் இடிக்கும். ஓர் இழையை மட்டும் வெட்டுவது என்றும் அதைப் பிரிக்கலாம், ஓரிழையாகக் கிடக்கும் டிஎன்ஏவை வெட்டுவது என்றும் பிரிக்கலாம். இந்த இரண்டாவது வேலைக்கென்றே தனி நொதிகள் இருக்கின்றன. அஸ்பர்கில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து கிடைக்கும் எஸ்1 நியூக்ளியேஸ் ஆய்வகங்களுக்குப் பழைய ஆள். இணை இல்லாமல் தனித்து நிற்கும் இழை என்றால் ஒரு கை பார்க்கும்; இரட்டை இழையைப் பெரும்பாலும் சீண்டாது. நிக்கேஸ் அதற்கு நேர்மாறு. இரட்டை இழையைத் தேடிப் போய், ஒன்றை அறுத்து மற்றதை விட்டுவைக்கும். இவை இரண்டுக்கும் 'ஓரிழைவெட்டி' பொருந்துகிறது என்றால் தேர்வில் மாணவர் பாடு திண்டாட்டம்தான்.

'கிரிஸ்பர் அரைவெட்டி' என்று இன்னொருவர் முன்வைத்ததும் சரிவராது. கிரிஸ்பர் என்பது மரபணுவைத் திருத்தும் ஒரு முறை; நிக்கேஸ்கள் அதற்கு முன்பே உண்டு. பாக்டீரியங்களில் இயற்கையாகவே இருக்கின்றன. பெயருக்குள் கிரிஸ்பரை நுழைத்தால் அவற்றை எங்கே வைப்பது?

'கீறு' என்ற வினையை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் காயைக் கீறச் சொன்னால் யாரும் துண்டு போடுவதில்லை; காம்போடு ஒன்றாக நிற்க வேண்டும் என்பது சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. நிக்கேஸ் செய்வதும் அதுதான். ஓர் இழையின் முதுகெலும்பில் ஒரு பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பு அறுகிறது. எதிர் இழையும் காரங்களின் (டிஎன்ஏவின் எழுத்துகளின்) இணைப்பும் இரட்டைச் சுருளைக் கலையாமல் பிடித்துக்கொள்கின்றன. வெட்டு, அறு, துண்டி, நறுக்கு எதைச் சொன்னாலும் பொருள் இரண்டாகிவிடும். கீறினால் ஆகாது.

இந்த விவாதத்தில் உயிர்வேதியியல் படிக்காதவர்களும் இருப்பதால் ஒரு சிறு விளக்கம். கிரிஸ்பர் முறையில் டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 புரதத்தில் இரண்டு வெட்டும் பகுதிகள் உண்டு. எச்என்எச் பகுதி, வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவோடு இணைந்த இழையை வெட்டும். ருவ்-சி பகுதி மற்ற இழையை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனீஸ் என்ற பாக்டீரியத்தின் காஸ்9-இல் அமினோ அமிலங்கள் மொத்தம் 1368. அதில் 10ஆம் இடத்து அஸ்பார்டேட்டை அலனினாக மாற்றினால் ருவ்-சி படுத்துவிடும். 840ஆம் இடத்து ஹிஸ்டிடினை மாற்றினால் எச்என்எச் படுத்துவிடும். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரே ஒன்றைத் தொட்டால் போதும், வெட்டுவது கீறுவதாகிவிடுகிறது. டௌட்னா, ஷார்ப்பான்டியே குழுவினரின் 2012 கட்டுரையிலேயே இது இருக்கிறது.

கீறினால் என்ன லாபம் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு இழையும் அறுந்தால் செல் பதறிப்போய் முனைகளை ஒட்டப் பார்க்கும். அந்த அவசரத்தில் சில எழுத்துகள் போகும், சில புதிதாக நுழையும். ஒரு மரபணுவைக் கெடுக்க மட்டும் வேண்டுமானால் அது நல்லது. ஓர் எழுத்தைத் திருத்த வேண்டும் என்றால் நாசம். 2016-இல் அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியூவின் ஆய்வகம் சைட்டோசின் என்ற எழுத்தைத் திருத்தும் நொதியைக் கட்டியபோது கீறலைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திக்கொண்டது. அமினோநீக்கி நொதி ஓர் இழையில் சைட்டோசினை யுராசிலாக்குகிறது. நிக்கேஸ் எதிர் இழையைக் கீறுகிறது. கீறல் விழுந்த இழைதான் பழுதானது என்று செல் எடுத்துக்கொண்டு, யுராசிலைப் பார்த்து அதைச் சரிசெய்கிறது. பொய்சாட்சி சொல்லி வேலையை முடிப்பது மாதிரி! 2025-இல் பிலடெல்ஃபியாவில், அம்மோனியாவை யூரியாவாக்கும் பாதையில் பிறவிக் குறையோடு இருந்த கைக்குழந்தைக்கென்றே தனியாகச் செய்துகொடுத்த மருந்தும் இந்தக் குடும்பம்தான். அங்கே திருத்தப்பட்டது அடினின். செய்தித்தாளில் வரும் அளவுக்கு ஆகிவிட்ட பிறகு இன்னும் 'நிக்கேஸ்' என்றே எழுதினால் எப்படி? வகுப்பில் அந்தச் சொல்லை எடுத்ததும் பின்வரிசையிலிருந்து "அப்ப உக்காரேஸ் எங்க சார்?" என்று வருகிறது.

> எங்கட பக்கம் கீறுறது எண்டால் படம் கீறுறதுதான். பிள்ளையள் வரையிற நொதியம் எண்டு விளங்கிப்போடுவினம்.

அண்ணா, இதுவரை வந்ததிலேயே கனமான மறுப்பு இதுதான். ஆனால் இங்கே நாங்கள் 'கோடு கிழிக்கிறோம்', துணியையும் கிழிக்கிறோம். எது எந்தக் கிழிப்பு என்று யாரும் தடுமாறுவதில்லை. கீறுதலுக்கும் பிளத்தல், கோடிழுத்தல் என இரண்டு பொருளும் அகராதியிலேயே உண்டு. பக்கத்தில் டிஎன்ஏ இழை நிற்கும்போது படம் நினைவுக்கு வராது என்று நம்புகிறேன். உங்கள் வழக்கப்படி 'கீறுநொதியம்' என்று எழுதுங்கள். அதற்காகச் சண்டை வேண்டாம்.

இன்னொரு வசதி, கொல்களிறு போல இது வினைத்தொகை. இதே அச்சில் நியூக்ளியேஸை வெட்டுநொதி, லைகேஸை ஒட்டுநொதி எனலாம். முனையிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்க்கும் எக்சோநியூக்ளியேஸுக்குக் 'கொறிநொதி' எனக்குப் பிடித்திருக்கிறது, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நிக் என்ற பெயர்ச்சொல்லுக்குக் கீறல்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 840ஐ மட்டும் மாற்றிய வடிவம் சில நேரம் இரண்டு இழையையும் வெட்டிவிடுகிறது என்று பின்னர் தெரியவந்து, 863ஆம் இடத்து அஸ்பராஜினையும் சேர்த்து மாற்றினார்கள். அது நொதியின் குறை, சொல்லின் குறையல்ல. பெயர் அப்படியே நிற்கலாம்.

இனி மிச்சம் இருப்பது, இரண்டு பகுதியும் படுத்துவிட்ட காஸ்9. 'மழுங்கிய காஸ்9' என்று ஒருவர் எழுதியிருந்தார். காஸ்9 வெட்டிய இடத்தில் பெரும்பாலும் மழுங்கிய முனைகள்தான் (இரண்டு இழையும் ஒரே இடத்தில் முடிபவை) மிஞ்சும், பாடநூலில் அந்தச் சொல் ஏற்கெனவே அதற்குப் போய்விட்டது. நான் 'செயலற்ற காஸ்9' என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் தனி விவாத இழையில் போடுங்கள்.