பின்முறிக்கு வைஃபை எட்டவில்லை, ரூட்டரை மாற்றினால் சரியாகுமா?

விளைவீட்டுக்காரி (குலசேகரம்)

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, கதை கொஞ்சம் நீளம்.

எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகும் வழியில், ரப்பர் விளைக்குள் இருக்கிறது. முன்பாதி மாமனாரின் அப்பா காலத்து ஓட்டு வீடு. வெட்டுகல் சுவர். ஜன்னல் படியில் கையை நீட்டி வைத்தால் முழங்கை வரைக்கும் சுவர்தான், அவ்வளவு கனம். மேலே அயினிப் பலகை பாவிய தட்டு (மச்சு). பின்பாதி 2015-ல் நாங்கள் சேர்த்துக் கட்டியது: இரண்டு முறி (அறை), ஒரு அடுக்களை, மேலே மட்டுப்பா (மொட்டை மாடி). ஃபைபர் போட வந்த பையன், ரோட்டிலிருந்து இழுத்த ஒயர் எங்கே முடிந்ததோ அங்கேயே, சிட் அவுட்டில் கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு நானும் ஒன்றும் சொல்லவில்லை. போனில் நெட் வந்தது, சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை, ராத்திரி ஷிஃப்ட். பின்முறியில் உட்கார்ந்தால் ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிட் அவுட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. ரப்பர் விளைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும், கோடை மழை விழுந்தபிறகு லைட்டைப் போட்டால் கருவண்டு கூட்டமாக வந்து விழும். போன வாரம் கீபோர்டில் ஊர்ந்த ஒன்றைத் தட்டிவிட்டேன். அது விட்ட நாற்றம் இரண்டு தடவை சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை. வீட்டுக்காரர் ஓமனில் இருக்கிறார். மகனை வீடியோவில் பார்க்க மாமியார் முட்டுவலியோடு முன்னால் நடந்து வர வேண்டும்.

அளந்து பார்த்ததைச் சொல்கிறேன். பிளான் 150 எம்பிபிஎஸ். சிட் அவுட்டில் பெட்டிக்குக் கீழே நின்றால் போனில் 35, 40 வரும். நடுமுறியில் 10. பின்முறியில் 2, நல்ல நாளாக இருந்தால் 3. லேப்டாப்பை ஒயர் போட்டு நேராகப் பெட்டியில் செருகினால் 94. பெட்டியில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை வைஃபை மட்டும்தான், வேகமான 5 ஜிகாஹெர்ட்ஸ் கிடையாது.

வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும், சுவரில் செருகும் எக்ஸ்டெண்டர் ஒன்று வாங்கிப் பின்முறியிலேயே மாட்டினேன். கோடு முழுசாகக் காட்டுகிறது, ஸ்பீடு அதே 2. பணம் போச்சு. மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காரர் ஆறு ஆன்டெனா நீட்டிய ரூட்டரைக் காட்டி, 'இது எட்டு வீட்டுக்கு எட்டும்' என்றார். விலை 7,000-க்கு மேல். என் கையில் 5,000 வரை இருக்கிறது. எதை வாங்கலாம்?

ஆரல்காற்று

அக்கா, யோசிக்கவே வேண்டாம், மெஷ் வாங்குங்கள், அதாவது ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசி வீடு முழுக்கப் பரப்பும் இரண்டு பெட்டி செட். எங்கள் ஃபிளாட்டில் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஒயர் கியர் ஒன்றும் வேண்டாம். ஆப் சொல்கிறபடி செய்தால் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

தக்கலை ஒயர்மேன்

ஆரல்காற்று தம்பி, ஃபிளாட்டில் நாலரை இஞ்சு செங்கல் சுவர். அதில் மெஷ் சரிப்படும், நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தங்கச்சி சொல்வது முழங்கை நீளத்துக்கு வெட்டுகல். மெஷ்ஷின் இரண்டாவது பெட்டியும் முதல் பெட்டியிடமிருந்து காற்றில்தான் வாங்க வேண்டும். நடுவில் அந்தச் சுவர் நின்றால் எக்ஸ்டெண்டருக்கு நடந்ததே இதற்கும் நடக்கும்.

எக்ஸ்டெண்டர் ஏன் கவிழ்ந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உன் போனில் தெரிந்த முழுக்கோடு போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையில் உள்ளது. எக்ஸ்டெண்டருக்கும் சிட் அவுட்டுக்கும் இடையில் எத்தனை கோடு என்று போன் காட்டாது. 2 வரும் இடத்தில் அதை மாட்டினால் அது 2-ஐத்தான் வாங்கிப் பரப்பும். அதிலும் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் கொடுப்பதால் பாதி போய்விடும். நடுமுறியில் மாட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

அடுத்தது ஆறு ஆன்டெனா. ரூட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், போன் சொல்லும் பதில் அதற்குக் கேட்க வேண்டாமா? போனில் இருப்பது சின்ன ஆன்டெனா, குறைந்த பவர். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதன் குரல் வராது. பெட்டி மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஏஎக்ஸ் 1500 என்றால் 2.4-ல் 300, 5-ல் 1200 என்று கூட்டிப் போட்டது. இரண்டையும் சேர்த்து ஒரு போனுக்குக் கொடுக்காது. நம் போன்களில் பெரும்பாலும் இரண்டு ஆன்டெனாதான், அந்த 1200-க்கு மேல் இழுக்க வழியில்லை. உன் பிளானோ 150. வைஃபை 6 போட்ட சாதாரண இரட்டை அலை ரூட்டர் உனக்கு ஏராளம். ஒன்று மட்டும் கவனி: பின்னால் ஒயர் செருகும் துளையெல்லாம் கிகாபிட்டாக (1000 எம்பிபிஎஸ்) இருக்க வேண்டும்.

அதைச் சொல்லக் காரணம் நீ எழுதிய 94. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 100 எம்பிபிஎஸ் துளையில் செருகினால் மேல்செலவு போகக் கையில் கிடைப்பது 94, 95. 150 பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு 94-ல் முட்டி நிற்கிறாய். இரண்டில் ஒன்றாக இருக்கும். பெட்டியில் லேன் 1 என்று எழுதிய துளை மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 ஆகவும் இருக்கலாம், அப்படி நிறைய பெட்டி வருகிறது. இல்லையென்றால் ஒயரில் ஏதோ ஒரு கம்பி பிடிக்கவில்லை. 100-க்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் பிடிக்க வேண்டும். ஒயரை லேன் 1-க்கு மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்.

கடைசியாக, செய்ய வேண்டிய வேலை. உன் வீட்டில் அயினித் தட்டு இருக்கிறதே, அது பெரிய வசதி. சிட் அவுட் பெட்டியிலிருந்து கேட் 6 நெட்வொர்க் ஒயர் ஒன்றைத் தட்டு வழியாகப் பின்பாதிக்குக் கொண்டுபோ. அந்தக் கனமான சுவரைத் தாண்டின இடத்தில் புது ரூட்டரை வை. சுவருக்குள் சண்டை போட வேண்டியதில்லை. ஒயர் வாங்கும்போது ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பார். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் வாங்கு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு பூசினது, வேண்டாம். எலி இருக்கும் வீடு என்றால் பிவிசி பைப்புக்குள் விடு.

கொல்லங்கோட்டுக்காரன்

ஒயர்மேன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒயரை வீட்டுக்கு உள்ளேயே கொண்டுபோங்கள். எளிதாக இருக்கிறதே என்று மட்டுப்பா வழியாக வெளியே இழுக்க வேண்டாம். நான் தென்னந்தோப்பில் இருக்கும் மோட்டார் புரைக்கு கேமரா வைக்க 30 மீட்டர் செம்பு ஒயரை வெளியில் இழுத்திருந்தேன். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி. தென்னையில்கூட விழவில்லை, பக்கத்து விளையில் எங்கேயோ விழுந்தது. கேமரா, ரூட்டர், டிவி மூன்றும் ஒரே நேரத்தில் போயிற்று. ரூட்டரைத் திறந்தால் லேன் துளைக்குப் பக்கத்தில் கடுகளவு கருப்பு, அவ்வளவுதான் அடையாளம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, போதாததற்குக் கோடை இடியும் உண்டு.

ஃபைபரில் இருப்பது கண்ணாடி இழை, அதில் கரண்ட் வராது. ஆனால் அதைத் தாங்க ஒட்டியே ஒரு இரும்புக் கம்பி வரும். அதை வெளியில் கொக்கியோடு முறித்து நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள், வீட்டுக்குள் வரக் கூடாது.

விளைவீட்டுக்காரி (குலசேகரம்)

ஒயர்மேன் அண்ணே, ஒயரை லேன் 1-க்கு மாற்றினேன். 147! இரண்டு வருஷமாக அந்தத் துளை சும்மா கிடந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்ட?

இரும்புக் கம்பி மீட்டர் பெட்டி வரைக்கும் வந்திருக்கிறது. வெட்டி வெளியே நிறுத்தச் சொல்லி ஆள் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம்: ஒயர் இழுப்பதற்குப் பதில் அந்த ஃபைபர் பெட்டியையே பின்னால் மாற்றிவிட்டால் என்ன?

தக்கலை ஒயர்மேன்

மாற்றலாம். ஆனால் ஃபைபரை நீட்ட மெஷின் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும், கம்பெனி ஆள்தான் வர வேண்டும். மூலையில் கூர்மையாக மடித்தாலும் வெளிச்சம் கசிந்துவிடும். பெட்டி பின்னால் போனால் முன்பாதி இருட்டாகிவிடும், பிறகு மாமியார் திண்ணையிலிருந்து கூப்பிடுவார். ஒயரே போதும். புது ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போடு, மறந்துவிடாதே; அப்போதுதான் அது தனி நெட்வொர்க் உண்டாக்காமல் பழைய பெட்டியின் நெட்வொர்க்கையே பரப்பும். அலை ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பழைய பெட்டியை சேனல் 1-லும் புதியதன் 2.4-ஐ சேனல் 11-லும் வை. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு.

விளைவீட்டுக்காரி (குலசேகரம்)

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது.

தட்டுக்கு மேல் ஏறினவர் எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் பையன். ஏறின ஐந்தாவது நிமிஷம், 'அக்கா, இங்கே ஒரு கடவம் நிறைய எலிக்குஞ்சு' என்று கத்தினான். பைப் வாங்க அப்போதே ஆள் அனுப்பினேன். ஒயர் 22 மீட்டர். முனைக்கு வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று நான் கீழே நின்று வாசிக்க, அவன் வரிசையாக அடுக்கி கிளிப் அடித்தான். முதல் தடவை செருகியதும் திரும்பவும் அதே 94! முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கடைசி பிரவுன் கம்பி உள்ளே எட்டாமல் நிற்கிறது. வெட்டிவிட்டுத் திரும்ப அடித்தோம், சரியாயிற்று.

ரூட்டர் ஏஎக்ஸ் 1500, 3,000-க்குள் முடிந்தது. ஒயர், பைப், கூலி எல்லாம் சேர்த்தும் 5,000-ஐத் தாண்டவில்லை. பின்முறியில் 5 ஜிகாஹெர்ட்ஸில் 140. அடுக்களையில் 110. ஷிஃப்டில் விபிஎன் ஒரு வாரமாக ஒரு தடவைகூட அறவில்லை.

இரண்டு இடத்தில் இடறினேன். ஆக்சஸ் பாயிண்ட் மோடை மறந்துவிட்டேன் (அண்ணன் மன்னிக்கணும்). நெட் நன்றாக வந்தது, ஆனால் முன்னால் இருக்கும் பிரிண்டரை லேப்டாப் கண்டுபிடிக்கவே இல்லை. மோடை மாற்றியதும் வந்துவிட்டது. இன்னொன்று, ஒரே பெயர் வைக்கச் சொன்னீர்களே, அது எங்கள் வீட்டில் சரிப்படவில்லை. சிட் அவுட்டிலிருந்து உள்ளே வந்தாலும் மாமியாரின் பழைய போன் முன்பெட்டியையே பிடித்துத் தொங்குகிறது. அதனால் 'முன்வீடு', 'பின்வீடு' என்று பெயரைப் பிரித்துவிட்டு, அவர் போனில் 'முன்வீட்டை' அழித்துவிட்டேன். இப்போது மரச்சீனி நறுக்கிக்கொண்டே மகனிடம் பேசுகிறார். போனை அரிசி டின்மேல் சாய்த்து வைப்பதால் மகனுக்கு ஃபேன் மட்டும்தான் தெரிகிறதாம், அது வேறு புகார்.

இனி கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரு வழி வேண்டும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினால் போதுமா?

தக்கலை ஒயர்மேன்

பெயரைப் பிரித்தது சரிதான், பழைய போனுக்கு அதுதான் வழி. யுபிஎஸ் இரண்டு வேண்டும், முன்பெட்டி அணைந்தால் பின்னால் உள்ளதுக்கு நெட் எங்கிருந்து வரும்? வாங்குவதற்கு முன் இரண்டு அடாப்டரையும் திருப்பிப் பார்த்து, வோல்ட்டும் ஆம்பியரும் என்ன போட்டிருக்கிறது என்று இங்கே எழுது. சில பெட்டி 9 வோல்ட்டில் வரும்.