இழை: பிரபுப் பட்டம் 'எக்ஸ்டிங்ட்' ஆனால் தமிழில் என்ன ஆகும்?

செ. எழுதியது:

மடலாடும் அன்பர்களுக்கு வணக்கம்.

கர்சன் பிரபுவின் வாழ்க்கை வரலாறு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வங்கப் பிரிவினை, டெல்லி தர்பார், கிச்சனரோடு நடந்த சண்டை எல்லாம் தடங்கலின்றி வந்துவிட்டன. மனிதர் இறக்கும் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

1925 மார்ச்சில் அவர் இறக்கும்போது மூன்று பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. பட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. 1898இல் வைசிராயாகப் புறப்படும் முன் வாங்கிய அயர்லாந்து பாரன் பட்டம், 1911இன் ஏர்ல் பட்டம், 1921இன் மார்க்விஸ் பட்டம் எல்லாம் அவரோடு முடிந்தன. 1911இல் ஏர்ல் பட்டத்தோடு சேர்ந்து வந்த ஸ்கார்ஸ்டேல் வைகவுண்ட் பட்டம் தம்பி மகனுக்குப் போனது. அதே கட்டில் வந்த ரேவன்ஸ்டேல் பாரன் பட்டம் மூத்த மகள் ஐரீனுக்கு. பட்டம் கொடுக்கும்போதே அது யார் யாருக்கு இறங்கும் என்று சாசனத்தில் எழுதிவிடுவதால் வந்த வினை இது. அந்த வாசகத்துக்கு 'ரிமெய்ண்டர்' என்று பெயர்.

எனக்கு வேண்டியவை: ரிமெய்ண்டர், வாரிசு இல்லாமல் முடிந்த 'எக்ஸ்டிங்ட்', வாரிசு எங்கோ இருக்கலாம், வந்து நிரூபித்தவர் இல்லை என்ற 'டார்மன்ட்', சகோதரிகள் பலர் இருப்பதால் ஒருவருக்கும் போகாமல் நிற்கும் 'அபெயன்ஸ்'. பின்னிரண்டும் பின்னிணைப்பில் வருகின்றன.

பாரன் என்பதை முதலில் 'பேரன்' என்றுதான் எழுதியிருந்தேன். 'பேரன் பட்டம் மகளுக்குப் போயிற்று' என்ற வரியின் ஓரத்தில் மெய்ப்புத் திருத்துபவர் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்: 'பேரன் பட்டம் பேரனுக்குத்தானே போக வேண்டும்?' அதன் பிறகுதான் இந்த மடல்.

இரா. மறுமொழி:

அம்மா, சொல் வீட்டிலேயே இருக்கிறது: எச்சம்.

அஞ்சு, அச்சம் ஆவது போல எஞ்சு, எச்சம் ஆகும். எஞ்சி நிற்பது எச்சம். ரிமெய்ண்டர் என்பதும் எஞ்சி நிற்பதே. அவர்கள் சொல்லில் பிள்ளை என்ற பொருள் இல்லை; நம் சொல்லில் உண்டு. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளில் பரிமேலழகர் எச்சத்தை நன்மக்கள் என்றே கொள்கிறார். ஆகவே ரிமெய்ண்டர் எச்சவிதி. எக்ஸ்டிங்ட் ஆனது எச்சமில் பட்டம்.

மற்ற இரண்டுக்கும் தொல்காப்பியர் கைகொடுக்கிறார். எச்சம் பத்து என்கிறார் அவர். வாரிசு வெளிப்படாமல் குறிப்பாய் நிற்கும் டார்மன்ட் பட்டம் குறிப்பெச்சம். உடன்பிறந்தாரிடையே பிரிந்து நிற்பது பிரிநிலையெச்சம். ஒரே வேரில் நான்கு சொல் கிடைத்துவிட்டன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கு. மறுமொழி:

ஐயா மன்னிக்க வேண்டும். இன்று தெருவில் போகிற யாரிடமாவது எச்சம் என்றால் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு மேலே காக்கையைத் தேடுவார். 'கர்சனின் எச்சம்' என்று ஒரு தலைப்பைக் கற்பனை செய்து பாருங்கள்.

பிள்ளை என்ற பொருளும் உறுதியில்லை. அதே குறளுக்கு மு.வ. எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என்றுதானே எழுதுகிறார்? புறநானூற்றில் 'எண்பேர் எச்சம்' என்று வருவது உடற்குறைகளை. ஒரு சொல்லுக்குள் பிள்ளை, புகழ், ஊனம், காக்கை எல்லாம் இருந்தால் அது கலைச்சொல் ஆகாது.

'வாரிசற்ற பட்டம்' என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இரா. மறுமொழி:

வாரிசு அரபுச் சொல் என்பது தம்பிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். காக்கை எச்சமிடுகிறது என்பதற்காகக் குறளை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

பா. மறுமொழி:

முப்பது ஆண்டு பத்திரப் பதிவில் இருந்தவன் என்ற முறையில் ஒரு சொல். வாரிசு எந்த நாட்டுச் சொல்லாக வேண்டுமானாலும் இருக்கட்டும். தாலுகா அலுவலகத்தில் கொடுப்பது வாரிசுச் சான்றிதழ். 'எச்சச் சான்றிதழ்' கேட்டு யாரும் வரிசையில் நிற்கப் போவதில்லை.

ரிமெய்ண்டரை நாங்கள் தினமும் எழுதியிருக்கிறோம். பழைய கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று வரும். மகன், பேரன் என்று இறங்கும் வரி. ஆங்கிலச் சாசனத்தில் வழக்கமாக வரும் 'உடலிற் பிறந்த ஆண் வாரிசுகள்' என்பதும் இதுதான். ஒரு வேற்றுமை: நம் பத்திரத்தில் அது அலங்காரம், பெண்ணுக்கும் சொத்து போகும். அங்கே அந்த நான்கு சொல்தான் எல்லாம். சொத்து 'இறங்கும்' என்பதே நம் பேச்சு. ஆகவே ரிமெய்ண்டருக்கு 'இறங்குவழி'.

அபெயன்ஸ் என்னவென்று படித்துப் பார்த்தேன். சாசனம் இல்லாமல், நாடாளுமன்றத்துக்கு வரச்சொல்லும் அழைப்பாணையால் உண்டான பழைய இங்கிலாந்து பாரன் பட்டங்களில் மகன் இல்லையென்றால் மகள்களுக்குச் சம உரிமை. அக்காள், தங்கை பேதமில்லை. பட்டத்தையோ துண்டு போட முடியாது. ஆகவே ஒரே ஒருவரின் வழி மிஞ்சும் வரையிலோ, அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வரையிலோ அது அப்படியே நிற்கும். கிரே ஆஃப் காட்னர் என்ற பட்டம் 1496இல் இப்படி நின்று 1989இல்தான் ஓர் ஆளிடம் சேர்ந்தது. 493 ஆண்டு! எங்கள் அலுவலகத்தில் மூன்று தலைமுறையாக நின்ற பங்காளிச் சொத்துகளைப் பார்த்து மலைத்திருக்கிறேன். இனி மலைக்க மாட்டேன். இதற்கு நம் பெயர் 'பாகம் பிரியாத சொத்து'. பட்டத்துக்கும் அதையே வையுங்கள்: பாகம்பிரியாப் பட்டம்.

வ. மறுமொழி:

பாகம்பிரியா என்று படித்ததும் கைகூப்பிவிட்டேன். திருவாடானைப் பக்கம் திருவெற்றியூரில் அம்மன் பெயரே பாகம்பிரியாள். ஈசனின் இடப்பாகத்தை விட்டுப் பிரியாதவள். அக்காள் தங்கைச் சண்டைக்கு அந்தப் பெயரை வைக்கலாமா என்று கொஞ்சம் யோசியுங்கள்.

என் பங்குக்கு: பட்டம் உண்டாவது, வழிவழி நிற்பது, முடிவது என்ற மூன்றும் சைவ சித்தாந்தத்தின் தோற்றம், நிலை, ஒடுக்கம். குறிப்பாக ஒடுக்கம். 1892இல் யார்க் டியூக் ஆன ஜார்ஜ் 1910இல் அரசரானார். அரசர் தனக்குத் தானே குடியாக இருக்க முடியாதல்லவா, டியூக் பட்டம் முடியோடு கலந்தது. 1920இல் அதே பட்டம் அவர் மகன் ஆல்பர்ட்டுக்கு மறுபடி பிறந்து, 1936இல் அவரும் அரசராக, மறுபடி கலந்தது. இதை 'முடியில் ஒடுங்கியது' என்பதைவிட அழகாகச் சொல்ல முடியுமா?

கு. மறுமொழி:

முடியில் ஒடுங்கியது, அருமை. இந்த இழையில் யாரும் மறுக்காத முதல் சொல். செ. அக்காவுக்கு அது தேவைப்படாததுதான் குறை.

ந. மறுமொழி:

யாழ்ப்பாணத்துக்காரன் என்பதால் 'முதுசம்' என்று தொடங்கலாம் என்று வந்தேன். எங்கள் மரபுச் சட்டமான தேசவழமையில் அது வழிவழி வந்த சொத்து; கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த தேடிய தேட்டத்துக்கு எதிர். ஆனால் அரசர் புதிதாகக் கொடுத்த பட்டம் வாங்கியவருக்குத் தேட்டம், பிள்ளைக்குத்தான் முதுசம். ஆக அதை நானே கைவிடுகிறேன்.

சொல் தேடுவதற்கு முன் ஒரு வழக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. 1553இல் மேரி அரசியார் எட்வர்ட் கோர்ட்னிக்கு டெவன் ஏர்ல் பட்டம் கொடுத்தார். 1556இல் இத்தாலியின் பாதுவாவில் மணமாகாமலே அவர் இறந்தார். பட்டம் செத்தது என்று ஊரே நம்பியது. 1618இல் கேவண்டிஷ் குடும்பத்துக்கு டெவன்ஷயர் ஏர்ல் என்று வேறு பட்டமே கொடுத்துவிட்டார்கள். 1831இல் தூரத்துக் கோர்ட்னி ஒருவரின் கோரிக்கை பிரபுக்கள் அவைக்கு வந்தது. சாசனத்தைப் பிரித்தால் 'ஆண் வாரிசுகள்' என்று மட்டும் இருந்தது. 'உடலிற் பிறந்த' என்ற சொற்கள் இல்லை. பிள்ளை இல்லாவிட்டால் என்ன, பங்காளி இருக்கிறாரே என்று அவை தீர்ப்புச் சொன்னது. 275 ஆண்டு செத்துக் கிடந்ததாக நினைத்த பட்டம் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே எக்ஸ்டிங்ட், டார்மன்ட் இரண்டுக்கும் ஒன்றோடொன்று குழம்பாத சொற்கள் வேண்டும். எச்சமில், குறிப்பெச்சம் என்றால் வாசகர் இரண்டையும் இலக்கண வகுப்பு என்று தாண்டிவிடுவார்.

வ. மறுமொழி:

'உறங்குவது போலும் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு.' வள்ளுவர் டெவன் வழக்கைப் பார்த்திருக்கிறார்!

கு. மறுமொழி:

'வாரிசற்ற' என்பதை நானே கொஞ்சம் பின்வாங்கிக்கொள்கிறேன். காரணம் டல்ஹௌசி. பாடநூலில் நாம் படித்த வாரிசு இழப்புக் கொள்கை. விக்கிப்பீடியாவில் அது அவகாசியிலிக் கொள்கை. 1848இல் சாத்தாராவில் தொடங்கினார். தஞ்சை மராட்டிய அரசர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும், மகள்கள் இருந்தும் அந்தப் பட்டத்தை முடித்துவைத்தார்கள். அதே டல்ஹௌசிக்குப் பஞ்சாபை வென்றதற்காக 1849இல் கிடைத்த மார்க்விஸ் பட்டம் 1860இல் அவரோடு முடிந்தது. அவருக்கும் மகள்கள்தான். ஆனால் பழைய ஏர்ல் பட்டம் ஒன்றுவிட்ட சகோதரருக்குப் போனது. அதாவது ஒரு பட்டத்துக்கு வாரிசு இருந்தார், இன்னொன்றுக்கு இல்லை. ஆளை 'வாரிசற்றவர்' என்று சொல்ல முடியாது; பட்டத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கிளைக்கதை. எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடத்தைப் பார்க்க நின்றபோது, அருகில் ஒரு பெரியவர் தன் பேத்திக்கு 'இங்கே முன்பு சப்தகன்னிமார் கோயில் இருந்தது' என்று விளக்கிக்கொண்டிருந்தார். திருத்த மனம் வரவில்லை. சென்னை ஆளுநர் ராபர்ட் பர்க் 1887இல் கன்னிமாரா பாரன் ஆனார். 1902இல் பிள்ளையின்றி இறந்தார். பட்டம் பதினைந்து ஆண்டுதான் இருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரை ஊர்ப்பெயர் எழும்பூரில் ஏழு கன்னியருக்குப் போய்விட்டது.

இரா. மறுமொழி:

பார்த்தீர்களா தம்பி? பிள்ளை இல்லை, பெயர் நூலகத்தின் மேல் நிற்கிறது. அதுவும் எச்சம்தான். மு.வ. பொருளை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

செ. எழுதியது:

அன்பர்களுக்கு நன்றி. பதிப்பாசிரியர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். இன்று மாலை கோப்பை அனுப்பிவிட்டேன்.

ரிமெய்ண்டருக்குப் பா. ஐயாவின் இறங்குவழி. அபெயன்ஸுக்குப் பாகம்பிரியாப் பட்டம், வ. ஐயாவின் அம்மன் பொறுத்துக்கொள்வாள். டார்மன்ட், 'உரிமை கோரப்படாத பட்டம்'. 'உறங்கும்' என்றுதான் முதலில் எழுதினேன். பதிப்பாசிரியர் அது குழந்தைக் கதை போல இருக்கிறது என்றார். எக்ஸ்டிங்ட், 'அற்றுப்போன பட்டம்'. பட்டம் உண்டாவதற்குப் 'பட்டமளிப்பு' என்று போட முடியவில்லை, வாசகர் கறுப்பு அங்கியைத் தேடுவார். 'அளிக்கப்பட்டது' என்றே விட்டுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன், அற்றுப்போன என்பது யாருக்கும் முழு நிறைவு தராத சொல்.

இரா. மறுமொழி:

எனக்குச் சுத்தமாக நிறைவில்லை. 'வம்சம் அற்றுப்போக' என்பது எங்கள் ஊரில் மண்ணை வாரித் தூற்றிச் சொல்லும் சாபம். ஒரு வைசிராயின் வரலாற்றில் அது வருவது பற்றி எனக்கு வருத்தமில்லை. கலைச்சொல்லாக வருவது பற்றித்தான். இரண்டாம் பதிப்பில் அடிக்குறிப்பாகவாவது எச்சமில் பட்டம் இடம்பெற வேண்டும் என்று பதிவு செய்துவைக்கிறேன்.

இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐரீன் மணமாகாமல் 1966இல் இறந்தார். ரேவன்ஸ்டேல் பட்டம் அற்றுப்போகவில்லை. முன்பே இறந்துவிட்ட தங்கை சிந்தியாவின் மகன் நிக்கலஸ் மோஸ்லிக்கு இறங்கியது. அதாவது கர்சனின் பேரனுக்கு. மெய்ப்புத் திருத்தியவர் சிவப்பு மையில் எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறீர்களா?