1861 ஸ்காட்லாந்து கொல்லன் வீடு: மேடையில் என்னென்ன வைக்கணும்?

தக்கலை_நாடகம்: பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் பாதிக் கதை 1861-இல் ஸ்காட்லாந்து தாழ்நிலக் கிராமத்துக் கொல்லன் வீட்டில் நடக்கிறது. வீட்டில் யார் யார் இருப்பாங்க? நம்ம ஊர்ப் பட்டறைச் சாமானை வாங்கி வைத்து ஒப்பேத்தலாமா?

குழித்துறையான்: ரெண்டு அறை போதும். அந்த வருஷக் கணக்கெடுப்பில் சன்னல் வைத்த அறை எத்தனை என்றே வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அடுப்பறையில்தான். தனிக் கட்டில் போடாதீங்க. சுவரோரம் அலமாரி மாதிரி பெட்டிக் கட்டில், முன்னால் திரை. பக்கத்தில் ஓட்ஸ் மாவுப் பெட்டி, அடுப்பின் மேல் சங்கிலியில் தொங்கும் இரும்புப் பானை. காலையில் உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி.

கொல்லன், மனைவி, அஞ்சாறு பிள்ளைகள், அவர்களோடு அங்கேயே தங்கித் தொழில் பழகும் பையன் ஒருவன். இவனை விட்டுடாதீங்க, கணக்கெடுப்பில் அவனும் அந்த வீட்டு ஆள்தான். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேர், ரெண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பேர், மூணாமவனுக்குத்தான் அப்பன் பேர். எல்லா வீட்டிலும் அப்படியே நடந்ததில்லை, ஆனாலும் வழக்கம் அதுதான். கட்டாயப் பள்ளி 1872 சட்டத்தோடுதான் வந்தது. அதற்கு முன்பே படித்த பிள்ளைகள் நிறைய. ஒரு சிலேட்டு வைக்கலாம்.

உலைக்கரி: கொறடும் சம்மட்டியும் எடுக்கலாம். சிரட்டைக்கரி வேண்டாம், தாழ்நிலத்தில் நிலக்கரி. தரையில் உட்கார்ந்து அடிக்கிற வேலையும் இல்லை. இடுப்பு உயரத்துக்குக் கல் கட்டிய உலை, மேலே புகைக்கூண்டு. இரும்பை வைத்து அடிக்கிற அடைகல் ஒரு முனை கூம்பாக நீண்டது. லாடத்தை வளைப்பது அந்தக் கூம்பில். கனத்த மரக்கட்டை மேல் ஏற்றி, நிற்பவன் தொங்கவிட்ட கை முஷ்டி உயரத்துக்கு வைங்க. துருத்தி இரண்டு அறை உள்ளது: கீழறை காற்றை மேலறைக்குத் தள்ளும், மேலறை அமுங்கி விடாமல் ஊதும். பையன் நெம்புகோலை இழுத்தால் போதும்.

வெளிச்சத்தைக் குறைங்க. சூட்டை நிறம் பார்த்துத்தான் கணிப்பது. வெயில் விழுந்தால் நல்லாப் பழுத்த இரும்பும் மங்கலாகத் தெரியும்; இன்னும் சூடேறட்டும் என்று விட்டால் இரும்பு எரிந்து பொரிந்துவிடும்.

பழுத்த லாடத்தைத் தண்ணியில் முக்கி உறுதி ஏற்றுகிற காட்சி மட்டும் வைக்காதீங்க, பார்க்கச் சகிக்காது. அந்தக் காலத்து லாடம் தேனிரும்பு. கார்பன் சொற்பம், எத்தனை முக்கினாலும் கடினமாகாது. ஆற வைக்கத்தான் முக்குவது. கடினமாக்குவது கோடாலி, உளி வாயைத்தான். உருக்கு விலை அதிகம் என்பதால் வாயில் மட்டும் ஒரு துண்டு வைத்து, மணல் தூவி, வெள்ளைச் சூட்டில் அடித்து ஒட்டுவார்கள். சூட்டில் இரும்பின் மேல் படியும் செதிளை மணல் உருக்கி வெளியே தள்ளும். செதிள் உள்ளே நின்றால் ஒட்டு பிரியும்.

தக்கலை_நாடகம்: நன்றி அண்ணே. குதிரையை மேடையில் ஏத்த முடியாதே?

உலைக்கரி: வாசலுக்கு வெளியே நிற்பதாக வைத்து, முன்னங்காலை மட்டும் மரத்தில் செய்யுங்க. கொல்லன் குதிரையின் வால் பக்கம் பார்த்து நின்று, காலைத் தொடைகளுக்கு இடையில் இடுக்குவான். ஆணி பொதுவாக ஏழு: வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் மூணு. சரிந்து உயிர்ச்சதையில் ஏறினால் குதிரை நொண்டும், சண்டைக் காட்சி வேணும்னா அங்கேயே கிடைக்கும். கூலியை உடனே வாங்க வைக்காதீங்க. கணக்குப் புத்தகத்தில் எழுதினால் போதும், பண்ணைக்காரர் தவணையில் தீர்ப்பார்.