ரூட் கெனால் செய்தும், பல்லைப் பிடுங்கியும் வலி நிற்கவில்லை. அடுத்த பல்லையும் எடுக்கலாமா?

பல்_சிஆர்ஐ
52 வயதுப் பெண்மணி. வலது மேல் முதல் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்தும் வலி போகாததால், வேறொரு இடத்தில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அடுத்த பல் வலிக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள் என்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. தட்டினால் வலியில்லை. ஐஸ் வைத்தால் எதிர்ப் பக்கப் பல்லில் இருக்கும் கூச்சம்தான் இதிலும். ஆனால் மரத்துப்போக ஊசி போட்டால் வலி நின்றுவிடுகிறது. அப்படியென்றால் பல்தானே காரணம்?

வாய்_மருத்துவம்
எடுக்காதீர்கள். நிறையப் பேர் சறுக்குவது அந்த ஊசியில்தான். ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவில் (முகத்தின் உணர்ச்சி நரம்பில் ஷாக் அடிப்பதுபோல் வரும் வலி) வலியைக் கிளப்பும் இடம் ஈறிலோ பல்லிலோ இருந்தால், அங்கே மரத்ததும் ஷாக்கும் நின்றுவிடும். பல்லில் கோளாறே இருக்காது. பல் நன்றாக மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால்தான் அந்தச் சோதனை தெளிவாகப் பேசும்: காரணம் பல் இல்லை.

"எப்படி வலிக்கிறது" என்று கேட்டால் எல்லாரும் "தாங்க முடியலை" என்றுதான் சொல்வார்கள். ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம், எதைச் செய்தால் வருகிறது என்று கேளுங்கள். முகம் கழுவினால், பல் துலக்கினால், ஃபேன் காற்று பட்டால் சுரீரென்று வெட்டி, 2 நிமிடத்துக்குள் நின்றால் நியூரால்ஜியா. தினமும் 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதத்துக்கு மேல், விரல் வைத்துக் காட்ட முடியாத மந்தமான வலி என்றால் காரணம் பிடிபடாத முகவலி வகை. இதில் பல்லைப் பிடுங்கினால் வலி அந்தக் குழியிலேயே தங்கும், இல்லாவிட்டால் பக்கத்துப் பல்லுக்குத் தாவும்.

கன்னத் தசையையும் பொட்டுத் தசையையும் 5 நொடி அழுத்திப் பாருங்கள். அவருக்குப் பழகிய அதே வலி பல்லில் வந்தால் தசைதான் குற்றவாளி.

எண்டோ_பிரிவு
எல்லாவற்றையும் நரம்பு தலையில் கட்டிவிடவும் கூடாது. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் எம்பி2 என்ற கூடுதல் வேர்க் கால்வாயைத் தவறவிட்டால் ரூட் கெனாலுக்குப் பிறகும் வலிக்கும். சாதா எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், சிபிசிடி (பல்லுக்கான முப்பரிமாண ஸ்கேன்) வேண்டும். அந்தப் பல்தான் போய்விட்டது. இருக்கும் பல்லின் ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாகக் கடிகுச்சி வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். கடியை விடும்போது சுருக்கென்றால் விரிசல்.

பல்_சிஆர்ஐ
கேட்டேன் சார். பல் துலக்கும்போது ஷாக் மாதிரி, சில நொடிதான். ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்.

நியூரோ_ஓபி
அப்படியானால் நியூரால்ஜியாதான் முதல் சந்தேகம். டைக்ளோஃபினாக் இதற்கு வேலை செய்யாது. வழக்கமான தொடக்கம் கார்பமசெபின் 100 மி.கி. தினம் இரு வேளை, பிறகு படிப்படியாக ஏற்றுவது. தொடங்குமுன் ரத்த அணு, சோடியம், கல்லீரல் சோதனை. ஆசிய வம்சாவளியினருக்கு, இந்த மருந்தால் தோலில் கடும் ஒவ்வாமை வரும் ஆபத்தைக் காட்டும் எச்எல்ஏ-பி*15:02 மரபணுச் சோதனையும். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொல்ல வேண்டும். எம்ஆர்ஐயில் நரம்பின் வேரை ரத்தக்குழாய் அழுத்துகிறதா என்று பார்க்கும் மெல்லிய அடுக்குப் படத்தையும் கேட்டு எழுதுங்கள்.

மந்தமான வலியாக இருந்திருந்தால் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. அது மனச்சோர்வு மாத்திரை என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

இந்த வயதில் மெல்லும்போது தாடை அசந்து, தலை சீவினால் உச்சியில் வலித்தால் அன்றைக்கே அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகள் இஎஸ்ஆர், சிஆர்பி. தலையின் ரத்தக்குழாயில் வரும் தமனி அழற்சியைத் தவறவிட்டால் பார்வை போகும். முகத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடாதீர்கள். நடந்தால் மட்டும் கீழ்த்தாடை வலித்தால் அது இதய வலியாக இருக்கலாம், முதலில் ஈசிஜி.