கதை படித்தே அயல்மொழி கற்றவர்கள், இன்னும் உறுத்தும் ஓரிடத்தைச் சொல்லுங்கள்

ஆம்பூர்ப் பேருந்துக்காரன்

ஜெர்மன் மொழியை முதல்நிலை வகுப்போடு நிறுத்திவிட்டேன். நான் வேலை செய்யும் காலணித் தொழிற்சாலைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் விருந்தினர் அறையில் விட்டுச்சென்ற மலிவுவிலைத் துப்பறியும் கதையை மட்டும், வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில் நாளுக்கு நான்கு பக்கமாகப் படித்துவந்தேன். 31ஆம் பக்கத்தில் ‘எர் பிராக்டே சைனன் புரூடர் உம்’ என்றொரு வாக்கியம் வந்தது. ‘எர்’ அவன், ‘பிராக்டே’ கொண்டுவந்தான், ‘சைனன் புரூடர்’ தன் சகோதரனை. ‘உம்’ என்றால் ‘சுற்றி’ என்று வகுப்பில் படித்திருந்தேன். அது இங்கே பொருந்தாததால், நம்முடைய ‘உம்’ போல ஏதோ ஒட்டாக இருக்கும் என்று நானே முடிவுசெய்து, ‘தன் தம்பியையும் அழைத்து வந்தான்’ என்று பொருள் கொண்டு மேலே போய்விட்டேன்.

அதன்பின் அந்தத் தம்பி எப்போது வாய் திறப்பான் என்று பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் காத்திருந்தேன். நடுவில் எல்லோரும் ‘ஃபிரீட்ஹோஃப்’ என்ற இடத்துக்குப் போனார்கள். ‘பான்ஹோஃப்’ ரயில் நிலையம், ‘காஸ்ட்ஹோஃப்’ தங்கும் விடுதி, ‘ஃபிரீடே’ என்றால் அமைதி என்று கூட்டிப் பார்த்து, தம்பியை அமைதியான ஒரு விடுதியில் தங்கவைத்திருக்கிறார்கள் என்று நிம்மதி அடைந்தேன். அது இடுகாடு. 44ஆம் பக்கத்தில் ‘உம்கெபிராக்ட்’ என்று இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக வந்தபோதுதான் சந்தேகம் வந்து கைப்பேசி அகராதியைத் திறந்தேன். ‘உம்பிரிங்கன்’ என்றால் கொலை செய்வது. வாக்கியத்தின் நடுவில் ‘கொண்டுவந்தான்’ என்று சொல்லிவிட்டு, முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஓர் ஒட்டைப் போட்டு ஆளைத் தீர்த்துவிடுகிறது இந்த மொழி. “இன்னா சார், ஆம்பூர் தாண்டிடுச்சே, எறங்கலியா?” என்று நடத்துநர் கேட்டது அந்தக் கணத்தில்தான்.

அகராதி பார்க்காமல் போகிற போக்கில் படிப்பதுதான் சரியான முறை என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன?

காட்பாடி மாணவி

நான் ஜப்பானிய மொழியைப் பெரும்பாலும் சிறுவர் படக்கதைகளில் கற்றேன். சீனத்திலிருந்து வந்த, ‘காஞ்சி’ எனப்படும் சொல்லெழுத்துகள் அந்நாட்டு அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 உள்ளன. ஆனால் சிறுவர்களுக்கான படக்கதைகளில் ஒவ்வொரு காஞ்சியின் அருகிலும் அதன் ஒலிப்பு ஃபுரிகானா என்ற பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் என்பதால், பாதி எழுத்துகள் தெரியாமலேயே கதை நகரும். வினைச்சொல் கடைசியில் வருவதும், நம் வேற்றுமை உருபுகளைப் போலப் பெயரின் பின்னால் சிற்றசைகள் ஒட்டுவதும் தமிழருக்குப் பழகிய பாதைதான்.

இராணிப்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்துக்கு ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் வந்தபோது, மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். ஏதோ ஓர் ஆவணக் கோப்பை யார் எடுத்துவருவது என்ற பேச்சு எழுந்தபோது, நான் உற்சாகமாக “ஓரே கா யாரு” என்றேன். ‘நான் செய்கிறேன்’ என்றுதான் பொருள். ஆனால் அந்த மொழியில் ‘நான்’ என்பதற்குப் பல சொற்கள் உண்டு. ‘வாதாஷி’ என்பது யாரும் சொல்லக்கூடியது, ‘ஓரே’ என்பது ஆண்கள் நண்பர்களிடையே முரட்டுத்தனமாகச் சொல்வது. நான் படித்த கதைகளில் வாளோடு திரிந்த நாயகர்கள் எல்லோரும் ‘ஓரே’ என்றே பேசினார்கள். நம் ஊரில் ஒரு பெண் முதன்முதலாகச் சந்திக்கும் பெரியவரிடம் “விட்றா, நான் பாத்துக்கறேன்டா” என்று சொன்னால் எப்படியிருக்கும்?

அவர் வாய்க்கருகே கொண்டுபோன காபி டம்ளரை அப்படியே மேசையில் வைத்தார். சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. மீதமிருந்த இரண்டு நாட்களும் என்னோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். அந்த டம்ளர் மேசையில் பட்ட ஓசை இன்னும் காதில் இருக்கிறது. அகராதியும் என்னைக் காப்பாற்றியிருக்காது, அண்ணா. அதிலும் ‘ஓரே’ என்றால் ‘நான்’ என்றுதான் போட்டிருந்தது.

ஆற்காட்டுப் பெரியவன்

1980களில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தாரின் வண்டியில் ரஷ்யக் கதைகளைத் தமிழில் சில ரூபாய்க்கு வாங்கிப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். வழவழப்பான தாளும் கெட்டி அட்டையும் அதன் மணமும் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் அக்காள் கணவர் நெய்வேலியில் வேலை பார்த்தார். அங்கே அனல்மின் நிலையப் பணிக்கு வந்திருந்த சோவியத் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்த சில ரஷ்யப் புத்தகங்களில், நான் தமிழில் மனப்பாடமாக வைத்திருந்த சிறுவர் கதை ஒன்றின் மூலமும் இருந்தது. 33 எழுத்துகளை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ‘இவர் ஆசிரியர்’ என்று நாம் நிறுத்திக்கொள்வதைப் போலவே அவர்களும் நிகழ்காலத்தில் ‘இருக்கிறார்’ என்று எதையும் சேர்ப்பதில்லை என்று கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1991இல் அந்தச் சோவியத் நாடே இல்லாமற்போய்ப் புத்தக வரத்தும் நின்றது. கையிலிருந்தவற்றையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் மருத்துவமனைக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில், ரஷ்ய மொழி பேசும் அம்மையார் ஒருவர் பால் இல்லாத தேநீர் கேட்டுச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டு ஆசையோடு நான் அருகில் போய், பால் வேண்டாமா என்ற பொருளில் “மொலோகோ?” என்றேன். அவர் என்னைப் பார்த்து விழித்தார். மீண்டும் சொன்னேன், மீண்டும் விழித்தார். கடைசியில் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் அந்தச் சொல்லை எழுதிக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்து, “ஆ, மலகோ!” என்றார். அழுத்தம் விழாத ‘ஒ’ எல்லாம் பேச்சில் ‘அ’ போலத் தேய்ந்துவிடுமாம், அச்சில் அது தெரியாதாம். ‘ஹொரோஷோ’ என்று நான் படித்தது ‘ஹரஷோ’, ‘ஒக்னோ’ என்று படித்தது ‘அக்னோ’. என் மனத்துக்குள் முப்பது ஆண்டுகளாகப் பேசிய அந்த மனிதர்கள் எல்லோரும் ஆற்காட்டுக் குரலில்தான் பேசியிருக்கிறார்கள். அன்று முதல் அந்தப் புத்தகங்களைத் திறந்தால் எந்தக் குரலில் படிப்பது என்று தடுமாறுகிறேன்.

குடியாத்தம் வாசகன்

என் கதை சிறியது. பிரெஞ்சு நாவல்களில் மட்டுமே வாழும் ஓர் இறந்தகால வடிவத்தைப் பேச்சில் பயன்படுத்தி ஆசிரியரைச் சிரிக்க வைத்தேன். கடையில் தக்காளி வாங்கும்போது ஒருவர் ‘யான் நேற்று ஈண்டு வந்தனன்’ என்று சொன்னால் எப்படியோ, அப்படி.

ஆனால் மேலே எழுதியவர்களின் முறையிலேயே பிழை இருப்பதாக எனக்குப் படுகிறது. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், உதவியின்றி ஒரு நூலைப் புரிந்து படிக்க அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கொண்டு, ஆங்கில நாவலுக்கு அது 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார். அதாவது 300 சொற்கள் உள்ள பக்கத்தில் தெரியாதவை ஆறுக்கு மேல் போகக் கூடாது. முதல்நிலை வகுப்போடு துப்பறியும் கதைக்குப் போவது பாலாற்று மணலில் சைக்கிள் ஓட்டுவதற்குச் சமம். சொற்களை அளந்து, கற்பவர்களுக்கென்றே எழுதப்படும் படிநிலைக் கதைநூல்கள் ஜெர்மனிலும் ஜப்பானிய மொழியிலும் கிடைக்கின்றன. முதலில் அவற்றில் இருபது முப்பதை முடிக்க வேண்டும். கடினமாக இருந்தால் வெட்கப்படாமல் மூடிவைத்துவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும். ஒரே சொல் மூன்று முறை வந்து வழிமறித்தால் மட்டும் அகராதியைத் தொடலாம். பெரியவர் செய்ததுபோலத் தமிழை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் கண் தமிழுக்கே ஓடும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒலிப்புத்தகத்தைக் காதில் ஓடவிட்டுக்கொண்டே அச்சுப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் ‘மொலோகோ’ முதல் நாளிலேயே திருந்தியிருக்கும்.

ஆற்காட்டுப் பெரியவன்

1985இல் ஆற்காட்டில் ரஷ்ய ஒலிப்புத்தகம் எங்கே கிடைத்தது என்று தம்பி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். கண் தமிழுக்கு ஓடியது உண்மைதான். ஓடிய கண் திரும்பி வந்ததும் உண்மை.

ஆம்பூர்ப் பேருந்துக்காரன்

குடியாத்தம் நண்பருக்கு: கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனால் அந்த வாக்கியத்தில் இருந்தவை ஐந்தே சொற்கள். ஐந்தும் நான் வகுப்பில் படித்தவை. உங்கள் கணக்குப்படி எனக்கு நூற்றுக்கு நூறு, ஆள் மட்டும் செத்துக் கிடந்தான். தெரியாத சொல் என்றால் நானே நின்றிருப்பேன், மூன்று முறை வரட்டும் என்றும் காத்திருப்பேன். தெரிந்த சொல்லை யார் அகராதியில் தேடுவார்கள்? தேடினாலும் ‘பிரிங்கன்’ என்ற இடத்தில் பார்த்திருப்பேன், அது உகர வரிசையில் ‘உம்பிரிங்கன்’ என்று போய் உட்கார்ந்திருக்கிறது. படிநிலை நூல்களையும் பார்த்தேன். அவற்றில் எல்லோரும் சந்தைக்குப் போய் ஆப்பிள் வாங்குகிறார்கள். தம்பிக்கு என்ன ஆயிற்று என்ற பதைப்பு இல்லாவிட்டால் நான் 44ஆம் பக்கம் வரை போயிருக்கவே மாட்டேன்.

இப்போது மறுபடி 31ஆம் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வினைச்சொல்லைக் கண்டதும், வாக்கியத்தின் கடைசியில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று முற்றுப்புள்ளி வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதால், பள்ளிகொண்டாவில் திறந்த பக்கம் மாதனூர் வந்தும் முடிவதில்லை.