ஊர்ச் சேகரிப்பு: கிளை நூலகத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கரிசல்கிளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாத்தூர் வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தின் பொறுப்பில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற மாதம், எங்கள் ஊரில் காலமான ஒரு தலைமையாசிரியரின் பிள்ளைகள், வீட்டை இடித்துக் கட்டப்போவதால் அவர் சேர்த்துவைத்திருந்த தாள்களைப் பழைய பேப்பர்க் கடையில் போட மனம் வரவில்லை என்று சொல்லி, மூன்று சாக்கு மூட்டைகளை நூலக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். வாங்கி வைத்துவிட்டேனே தவிர, அடுத்து என்ன செய்வது என்று விளங்கவில்லை.

புத்தகங்கள் நாற்பதுக்குள்தான் இருக்கும். மற்றவை நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள், அச்சடித்த வாழ்த்துமடல்கள், பள்ளி ஆண்டு மலர்கள், ஒரு கும்பாபிஷேக மலர், கூட்டுறவுப் பண்டகசாலையின் ஆண்டறிக்கைகள், தேர்தல் துண்டறிக்கைகள், பிறகு ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையத் தீப்பெட்டி லேபிள்கள். எங்களுக்குப் புத்தகங்கள் மேலிடத்திலிருந்து பட்டியலோடு வரும். வரவுப் பதிவேட்டில் விலையைக் குறித்து எண் போட்டால் வேலை முடிந்தது. விலையே இல்லாத ஒரு நோட்டீஸை எப்படி வரவு வைப்பது? இருப்புச் சரிபார்ப்பில் ஒரு தாள் குறைந்தால் அதற்குப் பொறுப்பு யார்? என்னிடம் காலியாக இருப்பது ஒரே ஓர் அலமாரி. எல்லாவற்றையும் சென்னைக்கு, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். வாசகர் வட்டத்தாரோ இதை ஊர் அருங்காட்சியகமாக ஆக்கிவிடலாம் என்று உற்சாகமாகி, ஓர் ஆட்டுக்கல்லையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பழைய நூலகன் எழுதியது:

அம்மா, முதலில் ஆட்டுக்கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூட்டைகளை இன்னும் வகைவாரியாகப் பிரிக்கவில்லையென்றால், தயவுசெய்து இப்போதைக்குப் பிரிக்கவும் வேண்டாம்.

இதை என் தவற்றிலிருந்து சொல்கிறேன். பணியில் இருந்தபோது மூன்று வீடுகளிலிருந்து வந்த நாடக நோட்டீஸ்களை ஒன்றாகக் கலந்து, புராண நாடகம், சமூக நாடகம் என்று அழகாக அடுக்கிவைத்தேன். சில ஆண்டுகள் கழித்து நாடகக் குழுக்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் வந்து, ஒரு நோட்டீஸைக் காட்டி இது எந்த ஊரில் நடந்தது என்று கேட்டார். அதில் "நமதூர் சந்தைப்பேட்டைக் கொட்டகையில் வருகிற சனிக்கிழமை இரவு 10 மணிக்கு" என்று மட்டுமே இருந்தது. நமதூர் எந்த ஊர்? அந்தத் தாள் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எழுதிவைத்திருந்தால் ஊர் தெரிந்திருக்கும். அதன் மேலும் கீழும் கிடந்த தாள்களைக் கலைக்காமல் இருந்திருந்தால் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்திருக்கும். இரண்டையும் நானே அழித்துவிட்டேன். ஆகவே மூட்டைக்கு ஓர் எண் கொடுத்து, யார் வீட்டிலிருந்து, எந்தத் தேதியில், யார் கையால் வந்தது, வீட்டில் அது பரணில் இருந்ததா பெட்டியில் இருந்ததா என்பதை இன்றைக்கே எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது, பிறகு ஒரு மாதம் பட்டியல் போடுவதைவிடப் பயன் தரும்.

எதைச் சேர்ப்பது என்பதற்கு நான் கைக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இதை வேறு எந்த நூலகமாவது வைத்திருக்குமா? 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி பதிப்பாளர்கள் தங்கள் நூலின் படியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அனுப்பியாக வேண்டும். ஆனால் உள்ளூர் அச்சகத்தில் ஐந்நூறு படி அடித்துக் கோயில் வாசலிலேயே கொடுத்துத் தீர்த்த கும்பாபிஷேக மலரை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். கன்னிமாராவில் இருக்கக்கூடிய நாவலுக்கு உங்கள் ஒற்றை அலமாரியில் இடம் தர வேண்டியதில்லை. மலருக்கும் ஆண்டறிக்கைக்கும் நோட்டீஸுக்கும் தாருங்கள்.

ஊரின் எல்லையையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். வருவாய்த்துறையின் கோடு இதற்கு உதவாது. உங்கள் சாத்தூர் வட்டாரமே 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அதன் பிறகு இராமநாதபுரம். 1985இல் காமராஜர் மாவட்டம். 1997இல் அதுவே விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. ஆகவே பழைய அரசு நூல்களைத் தேடும்போது, 1879இல் ஸ்டூவர்ட் தொகுத்த திருநெல்வேலி மாவட்டக் கையேட்டில்தான் உங்கள் ஊரைப் பார்க்க வேண்டும். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்தில் தேர்ந்தெடுத்த சில கிராமங்களைப் பற்றித் தனித்தனி ஆய்வு நூல்கள் வெளியிட்டார்கள். உங்கள் பக்கத்துக் கிராமம் ஏதேனும் அதில் உண்டா என்று பார்த்து, இருந்தால் ஒரு படி எடுத்துவையுங்கள். நான் வைத்திருந்த எல்லை, எங்கள் வாரச்சந்தைக்கு எந்தெந்தக் கிராமத்தார் வருவார்களோ அந்தக் கிராமங்கள். நடைமுறையில் அது நன்றாகவே பொருந்தியது.

பதிவேடு பற்றி: தைத்த நூல்களை மட்டும் நன்கொடையாக வரவுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். மற்றவற்றுக்கு "ஊர்ச் சேகரிப்பு" என்று தனிப் பதிவேடு தொடங்க மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். அதில் தாள் தாளாக அன்றி, "மூட்டை 2, கட்டு 4, நாடக நோட்டீஸ், 63 தாள்" என்று கட்டுதான் ஓர் உருப்படி. சரிபார்ப்புக்கு வருபவர் கட்டுகளை எண்ணுவார். கொடுத்தவர்களிடம் நிபந்தனையற்ற நன்கொடைக் கடிதம் ஒன்றும், வேண்டாததைக் கழிக்க நூலகத்துக்கு உரிமை உண்டு என்ற வரியோடு, வாங்கிக்கொள்ளுங்கள். "அப்பா பெயரில் தனி அலமாரி" என்று ஆரம்பித்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். அடுத்த வீட்டாரும் கேட்பார்கள்.

சென்னைக்கு அனுப்புவதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அந்த நூலகத்துக்கு அடிப்படையான நூல்களும் தாள்களும், ரோஜா முத்தையா செட்டியார் காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் இருந்துகொண்டு சேர்த்தவைதாம். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி 1994இல் சென்னையில் நூலகமாக நிலைபெறச் செய்திராவிட்டால் அவை என்ன ஆகியிருக்குமோ. ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளை தன் பள்ளியின் ஆண்டு மலரைப் பார்க்கச் சென்னைக்குப் போகப்போவதில்லை. உங்களால் காக்க முடியும் என்றால் மூலத்தை வைத்துக்கொண்டு படியை அவர்களுக்குக் கொடுங்கள். கூரை ஒழுகுகிறது என்றால் தயங்காமல் மூலத்தையே கொடுங்கள்.

இராமபாணம் எழுதியது:

(இராமபாணம் என்பது ஏட்டைத் துளைக்கும் பூச்சிதான். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஏட்டுக்கும் தாளுக்கும் மருத்துவம் பார்ப்பவன், துளைப்பவன் அல்லன்.)

மூட்டைகளை நூலகத்துக்குள் கொண்டுபோகும் முன், வெளித்திண்ணையில் நிழலில் வைத்து ஒவ்வொரு தாளாக மென்தூரிகையால் தூசி தட்டுங்கள். பூச்சி உள்ளே போய்விட்டால் உங்கள் மற்றப் புத்தகங்களையும் தின்னும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் மூன்றையும் எடுத்துவிடுங்கள். முதல் இரண்டும் துருவேறித் தாளை அரிக்கும், ரப்பர் உருகி ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க வழியில்லை. செய்தித்தாள் நறுக்குகளை மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்தால், அதன் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். அடையாள எண்ணை, மைப்பேனாவால் எழுதாமல், தாளின் பின்புற மூலையில் மென்பென்சிலால் எழுதுங்கள். வசம்பு வைக்கலாம், ஆனால் நன்றாகக் காய்ந்ததைத் துணிப்பையில் கட்டி அலமாரியின் மூலையில் வையுங்கள். தாளின் மேல் தூவ வேண்டாம்.

வல்லைவெளி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகையையும் வாழ்த்துமடலையும் வைப்பதா என்று தயங்குகிறவர்களுக்காக ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு நினைவு மலர் ஒன்றை அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதைக் "கல்வெட்டு" என்றே சொல்லுவோம். தேவாரம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, சில வேளைகளில் அவருடைய ஊரைப் பற்றிய கட்டுரை எல்லாம் அதில் இருக்கும். கடையில் விற்காத, எந்தப் பதிப்பாளர் பட்டியலிலும் இல்லாத இந்தச் சிறு நூல்களிலிருந்து ஒரு கிராமத்தின் குடும்பங்கள், தொழில்கள், மலாயாவுக்குப் போய்த் திரும்பியவர்கள், பாடசாலையைத் தொடக்கியவர்கள் என்று நிறைய எடுக்கலாம்.

எங்கள் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா அவர்களின் வீட்டில் தொடங்கியது. 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்டபோது நூல்களும் ஏடுகளுமாக ஏறத்தாழ 97,000 அழிந்தன என்று சொல்லப்படுகிறது. வேறிடத்தில் படி இருந்தவற்றைப் பின்னர் தேடி வாங்க முடிந்தது. ஒற்றைப் படியாக இருந்தவை போனவைதாம். 2005இல் இணையத்தில் தொடங்கிய, நூலகம் என்றே பெயர்கொண்ட திட்டம் இந்தக் கல்வெட்டுகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், சிறு சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி, அதாவது மின்வடிவாக்கி, சேர்க்கிறது. ஆகவே உங்கள் மூட்டையிலும் ஒற்றைப் படி எது என்று பார்த்து, அதை முதலில் ஸ்கேன் செய்து, கோப்பை நூலகத்துக்கு வெளியே இன்னோர் இடத்திலும் வைத்துவிடுங்கள்.

நடுப்பக்கம் எழுதியது:

ஸ்கேன் செய்து வைப்பதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் தாள்வடிவில் உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவிலும் சேமித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் வெளியிடுவது வேறு. பெயரில்லாமல் வந்த நோட்டீஸ் என்றால் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பெயரோடு எழுதிய மலர்க் கட்டுரை என்றால் எழுதியவர் இறந்து 60 ஆண்டு.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கல்யாணப் பத்திரிகைகளில் சாதிப்பெயரும் வீட்டு முகவரியும் உண்டு. தேர்தல் துண்டறிக்கைகளில் இன்றும் ஊரில் இருப்பவர்களின் அப்பாவையும் தாத்தாவையும் ஏசியிருப்பார்கள். இவற்றை நூலகத்தில் வைத்து, கேட்டு வருபவருக்குப் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு காட்டுவது சரி. வாட்ஸாப் குழுவில் ஏற்றுவது சரியல்ல என்பது என் கருத்து.

பழைய நூலகன் எழுதியது:

நடுப்பக்கத்தார் சொல்வது சரி, ஆனால் அதற்காகச் சாதிப்பெயரை மையால் அடித்துவிடவோ, ஏசிய துண்டறிக்கையைக் கிழித்துவிடவோ கூடாது. அடைத்து வைக்கலாம், அடுத்த தலைமுறை திறந்துகொள்ளும்.

ஆண்டில்லாத தாளுக்கு ஆண்டு கண்டுபிடிக்கச் சில வழிகளை விட்டுவிட்டேன். இது ஒரு தனிச் சுகம். நுழைவுக் கட்டணம் அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. சென்னை மாநிலம் என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். லை, னை, ணை எழுத்துகள் யானைத் துதிக்கை போல வளைந்திருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்று எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் பழைய ஈய எழுத்துகளை வைத்திருந்த சிறு அச்சகங்கள் உடனே மாறியிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருடம் இருக்கும்: விஜய வருடம் என்றால் 1893 அல்லது 1953 அல்லது 2013, தாளைத் தொட்டாலே எது என்று தெரிந்துவிடும். கடைசியாக, தாளின் அடியில் பொடியெழுத்தில் உள்ள அச்சகப் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்பது அக்காலத்தில் நடப்பிலிருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம். "நமதூர்" எந்த ஊர் என்று எனக்குத் தெரியாமல் போன அன்று, அந்த அடிவரியைக் கரையான் தின்றிருந்தது.

கரிசல்கிளை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆட்டுக்கல் திரும்பிப் போய்விட்டது. வாசகர் வட்டத் தலைவர் இரண்டு நாளாகப் பேசவில்லை. மூட்டைகளுக்கு எண் போட்டு, பிள்ளைகளிடம் கடிதமும் வாங்கிவிட்டேன். தலைமையாசிரியர் இளமையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேலை பார்த்தார் என்றும், முதல் மூட்டை முழுவதும் அந்தக் காலத்துத் தகரப் பெட்டியில் இருந்தது என்றும் பெரிய மகள் சொன்னார். கேட்டிராவிட்டால் அதையும் எங்கள் ஊர்க் கணக்கில் சேர்த்திருப்பேன்.

முதல் கட்டில் மேலாக இருந்த நாடக நோட்டீஸில் ஆண்டு இல்லை; "தரை 2 அணா, பெஞ்சு 4 அணா" என்று மட்டும் இருந்தது. தூசி தட்டுவதற்காகத் திருப்பினேன். பின்பக்கம் முழுவதும் பென்சிலில் பால் கணக்கு: தேதிவாரியாக எத்தனை ஆழாக்கு என்று எழுதி, மேலே "53 செப்டம்பர்" என்று கோடிட்டிருக்கிறார். இப்போது என் சந்தேகம் ஒன்றே ஒன்று. இந்தத் தாளைப் பதிவேட்டில் நாடகம் என்று மட்டும் எழுதுவதா, பால் கணக்கையும் சேர்த்து எழுதுவதா?

பழைய நூலகன் எழுதியது:

இரண்டையும் எழுதுங்கள் அம்மா. ஆழாக்கையும் குறிப்பிடுங்கள்.